எரியாத ஃபியூஸ்: மீட்பு ஊர்தி ஒன்றின் வயர்லெஸ் மின்வழங்கல் குறித்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

தன்னார்வ மீட்புக் குழு ஒன்றின் ஊர்தியில் மூன்று வயர்லெஸ் செட்டுகள் பொருத்தப்பட்டிருந்தன. வி.எச்.எஃப்., யு.எச்.எஃப்., எச்.எஃப். என்பவை அவை இயங்கும் ரேடியோ அலைவரிசைகளின் பெயர்கள். தலைமையிடத்துடன் பேச 50 வாட் வி.எச்.எஃப். செட்டும், களத்தில் இறங்கியவர்களின் கையடக்கக் கருவிகளுடன் பேச 40 வாட் யு.எச்.எஃப். செட்டும், தொலைதூரத் தொடர்புக்கு 100 வாட் எச்.எஃப். செட்டும் இருந்தன. இவற்றோடு ஊர்தி இருக்குமிடத்தைத் தெரிவிக்கும் ஜி.பி.எஸ். கருவியும், கைபேசிகளுக்கான யு.எஸ்.பி. சார்ஜரும் சேர்ந்திருந்தன. அனைத்தும் ஒரே 12 வோல்ட் பேட்டரியிலிருந்துதான் இயங்கின.

இந்த ஏற்பாட்டை யாரும் ஒரே மூச்சில் திட்டமிட்டுச் செய்யவில்லை. முதலில் வி.எச்.எஃப். செட் மட்டும் வந்தது. ஊர்தியின் சொந்த ஃபியூஸ் பெட்டியில் ஒரு பிளேடு ஃபியூஸை (இரண்டு தட்டைக் கால்கள் கொண்ட செருகு வகை ஃபியூஸை) கழற்றிவிட்டு, அந்த இடத்தில் செருகிக் கூடுதலாக ஒரு கிளை எடுக்கும் சிறிய இணைப்பானைப் பொருத்தி, அதிலிருந்து 1.5 சதுர மி.மீ. ஒயரை டேஷ்போர்டுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். சில மாதங்களுக்குப் பிறகு யு.எச்.எஃப். செட் வந்தபோது, ஏற்கெனவே இருந்த ஒயரையே நடுவில் சுரண்டி இணைத்தார்கள். ஜி.பி.எஸ். கருவியும் சார்ஜரும் அதே வழியில் அதே ஒயரில் ஏறின. எச்.எஃப். செட்டுக்கு மட்டும் பேட்டரியிலிருந்து நேராகத் தனி ஒயர் போடப்பட்டது. ஒவ்வொரு சேர்ப்பும் அந்தந்த நாளில் வேலை செய்தது என்பதால், மொத்தமாக எவ்வளவு மின்னோட்டம் எந்த ஒயரில் ஓடுகிறது என்ற கேள்வி யாருக்கும் எழவில்லை.

கிளையில் முதலில் 15 ஆம்பியர் நீல ஃபியூஸ் இருந்தது. இரண்டு செட்டுகளிலும் ஒரே நேரத்தில் பேசும்போது அது சில முறை போனது. யாரோ ஒருவர், நல்ல எண்ணத்தில்தான், அதை எடுத்துவிட்டு 25 ஆம்பியர் ஃபியூஸைப் போட்டுவிட்டார். அதன்பின் ஃபியூஸ் போகவே இல்லை. பிரச்சினை தீர்ந்துவிட்டதாக அனைவரும் நினைத்தோம். குழுவின் தொழில்நுட்பப் பொறுப்பில் இருந்த நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பயிற்சி இரவு

இரவுப் பயிற்சி ஒன்றின்போது ஊர்தி கட்டளை மையமாக நிறுத்தப்பட்டிருந்தது. முதல் ஒன்றரை மணி நேரம் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. குறை எதுவும் தெரியவில்லை. பிறகு, களத்திலிருந்து வரும் மெல்லிய குரல்களை எஞ்சின் சத்தம் மறைக்கிறது என்று ஓட்டுநர் எஞ்சினை நிறுத்தினார். அதற்குப் பிறகு அரை மணி நேரத்துக்குள், வி.எச்.எஃப். செட்டில் பேசியவருடைய குரல் சொல்லுக்குச் சொல் அறுந்து கேட்பதாகத் தலைமையிடம் தெரிவித்தது. மைக் பொத்தானை அழுத்தியதும் செட்டின் திரை அணைந்து, விட்டதும் மீண்டும் ஒளிர்ந்தது. ஆன்டெனாவிலோ மைக்கிலோ பழுது என்று கருதி மைக்கை மாற்றிப் பார்த்ததில் பத்து நிமிடம் போனது.

அந்த நேரத்தில் பக்கத்து இருக்கையில் இருந்தவர் யு.எச்.எஃப். செட்டில் களத்தினருடன் தொடர்ந்து பேசிக்கொண்டிருந்தார். அவர்தான் முதலில் பிளாஸ்டிக் கருகும் வாடை வருவதாகச் சொன்னார். டேஷ்போர்டின் அடிமூடியைத் திறந்தபோது, கிளை இணைப்பானின் உடல் ஒரு பக்கமாகக் குழைந்து சாய்ந்திருந்தது. அதில் செருகியிருந்த நிறமற்ற 25 ஆம்பியர் ஃபியூஸ் தேநீர் நிறத்துக்கு மாறியிருந்தது. கையால் தொட முடியாத சூடு. செட்டுகளை அணைத்து, இடுக்கியால் ஃபியூஸைப் பிடுங்கி வெளிச்சத்தில் பார்த்தோம். உள்ளே இருந்த உலோகப் பட்டை அறுபடாமல் முழுதாக இருந்தது.

அந்தப் பயிற்சி கையடக்கக் கருவிகளைக் கொண்டே முடிக்கப்பட்டது. யாருக்கும் காயமில்லை. ஆனால் இது உண்மையான வெள்ளத்திலோ தீ விபத்திலோ நடந்திருந்தால், தலைமையிடத்துக்கு எங்கள் நிலையைச் சொல்லும் ஒரே வழி அந்த இரவில் அறுந்திருக்கும். இந்தப் பதிவை இவ்வளவு விரிவாக எழுதுவதற்கு அதுவே காரணம்.

மறுநாள் அளந்தவை

ஃபியூஸ் போகவில்லை என்பதால் மின்சுற்று நன்றாக இருந்தது என்ற முடிவுக்கு வரக் கூடாது என்பதை அளவுகள் காட்டின. ஆன்டெனாவுக்குப் பதிலாக 50 ஓம் டம்மி லோடை (செட்டின் ஆற்றலை ஒலிபரப்பாமல் வெப்பமாக ஏற்றுக்கொள்ளும் மின்தடையை) மாட்டி, எஞ்சினை நிறுத்திவைத்து, வி.எச்.எஃப். செட்டின் பொத்தானை மட்டும் அழுத்தினோம். ஒயரைச் சுற்றிக் கவ்வி மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டர் 11 ஆம்பியர் காட்டியது. பேட்டரியின் முனைகளில் 12.2 வோல்ட் இருந்தது. செட்டின் பின்புறப் பிளக்கில் 10.4 வோல்ட் மட்டுமே இருந்தது. இத்தகைய செட்டுகள் பொதுவாக 13.8 வோல்டுக்கு 15 சதவீதம் கூடவோ குறையவோ, அதாவது 11.7 முதல் 15.9 வோல்ட் வரை, இயங்குவதற்காகச் செய்யப்பட்டவை. நாங்கள் கொடுத்தது அதற்கும் 1.3 வோல்ட் கீழே இருந்தது.

இடையில் காணாமற்போன 1.8 வோல்ட் எங்கெங்கே போனது என்பதைத் தேட, மல்டிமீட்டரின் இரு முனைகளையும் ஒவ்வொரு இணைப்பின் இரு பக்கமும் வைத்து, மின்னோட்டம் ஓடும்போதே அளந்தோம். பேட்டரியிலிருந்து ஃபியூஸ் பெட்டி வரையிலான ஊர்தியின் சொந்த ஒயரில் 0.17 வோல்ட். கிளை இணைப்பானிலும் அதில் செருகிய ஃபியூஸிலும் 0.62 வோல்ட். மூன்றரை மீட்டர் பாசிட்டிவ் ஒயரில் 0.51 வோல்ட். டேஷ்போர்டுக்கு அடியில் பெயின்ட் சுரண்டப்படாத ஒரு திருகில் கட்டியிருந்த எர்த் ஒயரிலும் (ஊர்தியின் உலோக உடல் வழியே மின்னோட்டம் பேட்டரிக்குத் திரும்புவதற்கான இணைப்பு) அந்தத் திருகிலுமாக 0.50 வோல்ட். ஒயரின் இழப்பு எதிர்பார்த்ததுதான்: 1.5 சதுர மி.மீ. செம்பு ஒயருக்கு மீட்டருக்குச் சுமார் 13 மில்லி ஓம் மின்தடை உண்டு. ஆனால் சில மில்லி ஓம் மட்டுமே இருக்க வேண்டிய ஃபியூஸ் பிடிப்பில் 56 மில்லி ஓம் இருந்தது.

அந்த 56 மில்லி ஓம் என்பது ஏட்டளவில் அற்பமான எண். 11 ஆம்பியர் ஓடும்போது அது கிட்டத்தட்ட 7 வாட் வெப்பம். வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுவதால், இரண்டு செட்டுகளிலும் ஒரே நேரத்தில் பேசி 20.5 ஆம்பியர் ஓடும்போது அது 23 வாட்டைத் தாண்டுகிறது. ஈயத்தை உருக்கி ஒட்டும் சிறிய சாலிடரிங் அயர்ன் ஒன்று 25 வாட். அதை விரல்நுனி அளவுள்ள பிளாஸ்டிக் கூட்டுக்குள் வைத்து அழுத்திப் பிடித்ததற்கு இது சமம். இத்தகைய கிளை இணைப்பான்கள் பெரும்பாலும் 10 ஆம்பியர் வரையிலான சிறு சுமைகளுக்கே உரியவை. அளவுக்கு மீறிய மின்னோட்டத்தில் அதன் உலோகக் கவ்விகள் சூடாகித் தளர்ந்து, தளர்ந்ததால் மேலும் சூடாகி, மாதக்கணக்கில் கெட்டுக்கொண்டே வந்திருக்கின்றன. அந்த ஒயரிலிருந்த இரண்டு செட்டுகள், ஜி.பி.எஸ்., சார்ஜர் அனைத்தும் சேர்ந்து 24 ஆம்பியர்தான் என்பதால், 25 ஆம்பியர் ஃபியூஸைப் பொறுத்தவரை எந்தத் தவறும் நடக்கவில்லை. அது அளப்பது மின்னோட்டத்தை மட்டுமே. தன்னைப் பிடித்திருக்கும் கவ்வி உருகுவதைத் தடுப்பது அதன் வேலை அன்று.

முந்தைய மாதங்களில் ஏன் எதுவும் தெரியவில்லை என்பதும் இதில் விளங்கியது. எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனையில் 14 வோல்ட் அளவில் இருக்கும், அதிலிருந்து 1.8 போனாலும் செட்டுக்கு 12.2 கிடைத்துவிடும். எஞ்சின் நின்று, இருவர் ஒரே நேரத்தில் பேசிய அந்த அரை மணி நேரத்தில்தான், கணக்குப்படி செட்டுக்கு 9 வோல்டுக்கும் குறைவாகப் போயிருக்கிறது.

பழுதாகாத ஒயரில் கண்டது

எச்.எஃப். செட்டில் யாரும் குறை சொல்லவில்லை. ஆயினும் கை வைத்ததை முழுவதும் பார்த்துவிடலாம் என்று அதன் ஒயரையும் பேட்டரியிலிருந்து பின்தொடர்ந்தோம். 4 சதுர மி.மீ. ஒயர், ஒரு வழி ஐந்து மீட்டர். 30 ஆம்பியர் ஃபியூஸ் இருந்தது. ஆனால் அது பின் இருக்கைக்கு அடியில், செட்டுக்கு அருகில் இருந்தது. பேட்டரியிலிருந்து அங்கு வரை நான்கு மீட்டருக்கும் மேல் எந்தக் காப்பும் இல்லாமல் ஒயர் வந்திருந்தது. எஞ்சின் அறைக்கும் உள்ளறைக்கும் இடையிலுள்ள தகட்டுச் சுவரில் துளையிட்டு, துளையின் விளிம்பை மூடும் ரப்பர் கிராமெட் போடாமல் ஒயரை நுழைத்திருந்தார்கள். தகட்டின் விளிம்பு பட்ட இடத்தில் ஒயரின் மேலுறை பாதி ஆழத்துக்கு அறுபட்டிருந்தது. விரல் நகத்தை வைத்தால் அந்தப் பள்ளத்தில் நகம் உட்கார்ந்தது.

இன்னும் சில மாதக் குலுக்கலில் அந்த உறை முழுவதும் அறுபட்டிருந்தால், பேட்டரி தன்னால் இயன்ற பல நூறு ஆம்பியர்களை அந்த ஒயர் வழியே தகட்டுக்குள் கொட்டியிருக்கும். பின் இருக்கைக்கு அடியிலுள்ள ஃபியூஸுக்கு அது தெரியவே வந்திருக்காது, ஏனெனில் அந்த மின்னோட்டம் அதைத் தொடாமலேயே திரும்பியிருக்கும். ஃபியூஸ் செட்டைக் காக்க வைக்கப்படுவதாக எண்ணுகிறவர்கள் அதைச் செட்டின் அருகில் வைக்கிறார்கள். அது காப்பது ஒயரை. ஆகவே ஒயர் தொடங்கும் இடத்தில்தான் அது இருக்க வேண்டும். உருகிய இணைப்பானை விட, உருகாத இந்த ஒயர்தான் எனக்குப் பெரிய அச்சத்தைத் தந்தது.

பகிர்வுப் பெட்டியைத் தேர்ந்த விதம்

பழைய ஒயர்கள் அனைத்தையும் கழற்றிவிடுவது என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. அதற்குப் பதில் என்ன வைப்பது என்பதில் மூன்று யோசனைகள் இருந்தன.

ஒவ்வொரு செட்டுக்கும் பேட்டரியிலிருந்து தனித்தனி ஒயரும் தனித்தனி ஃபியூஸும் போடுவது முதல் யோசனை. மின்னியல் ரீதியாக அதில் குறை இல்லை; ஒரு செட்டின் பழுது இன்னொன்றைத் தொடாது. ஆனால் மூன்று இணை ஒயர்கள் (பாசிட்டிவும் நெகட்டிவும் சேர்ந்த ஜோடிகள்) தகட்டுச் சுவரைக் கடக்க வேண்டும், பேட்டரி முனையில் லக் (ஒயர் நுனியில் அழுத்திய உலோக வளையம்) மேல் லக்காக அடுக்க வேண்டும், நாளை நான்காவது கருவி வந்தால் மீண்டும் எஞ்சின் அறையில் இறங்க வேண்டும். அப்படி இறங்கச் சோம்பியதால்தான் ஏற்கெனவே இருந்த ஒயரைச் சுரண்டி இணைத்தார்கள் என்பதை நான் மறக்க விரும்பவில்லை. அடுத்தவர் சரியான வழியில் செய்வதை எளிதாக்காத அமைப்பு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் நிலைக்காது.

மின்னோட்டம் மிகும்போது துண்டித்து, பிறகு தானாக மீண்டும் இணையும் பிரேக்கர்களை வைப்பது இரண்டாவது யோசனை. ஃபியூஸ் தேடும் சிரமம் இல்லை என்பது அதன் கவர்ச்சி. ஆனால் உண்மையான ஷார்ட் இருக்கும்போது அது அறுந்து, ஆறி, மீண்டும் இணைந்து, மீண்டும் அந்தப் பழுதான இடத்தைச் சூடாக்கும். பெட்ரோல் ஆவி பட வாய்ப்புள்ள, ஆளில்லாமல் நிற்கக்கூடிய ஊர்தியில் அதை நாங்கள் விரும்பவில்லை.

ஆகவே, பேட்டரியிலிருந்து ஒரே தடித்த இணை ஒயரைக் கொண்டுவந்து, முன் இருக்கைக்குப் பின்னால் ஃபியூஸுள்ள பகிர்வுப் பெட்டி ஒன்றை வைத்து, அங்கிருந்து கிளை பிரிப்பது என்று முடிவானது. பெட்டியிலும் இரண்டு வகை கையில் இருந்தன. ஒன்றில் ஆண்டர்சன் பவர்போல் செருகிகள் முகப்பில் வரிசையாக இருந்தன. மற்றதில் போல்ட்டும் வளைய லக்கும் கொண்ட இணைப்புகள். முதலாவதில் யாரும் கருவி எதுவும் இல்லாமல் செட்டைக் கழற்றி மாட்டலாம், பாசிட்டிவும் நெகட்டிவும் மாறிப்போக வழியில்லை. குழுவில் பலர் அதையே விரும்பினார்கள். அதன் அடியில் சிறிய எழுத்தில் இருந்ததைப் படித்தபோதுதான் மனம் மாறியது. எட்டு வழிகள் இருந்தும், அனைத்துக்கும் சேர்த்து 40 ஆம்பியர் என்றே அதற்கு வரையறை. எங்கள் சுமையோ, எல்லாரும் ஒரே நேரத்தில் பேசும் மோசமான நொடியில், 20, 11, 9.5 எனச் செட்டுகளுக்கும், மீதி 3.5 சிறு கருவிகளுக்குமாக 44 ஆம்பியர். அந்த நொடி அரிதாகவே வரும் என்று வாதிடலாம். நெருக்கடியான வேளையில்தான் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள் என்பதால் அந்த வாதத்தை நான் ஏற்கவில்லை.

போல்ட் வகைப் பெட்டி கிளைக்கு 30 ஆம்பியரும் மொத்தம் 100 ஆம்பியரும் தாங்கும். நெகட்டிவ் ஒயர்களுக்கென அதற்குள்ளேயே செம்புப் பட்டை ஒன்றும் இருந்தது. டேஷ்போர்டுத் திருகில் நாங்கள் இழந்த அரை வோல்ட்டை நினைத்தால், இந்தப் பட்டை மட்டுமே அதைத் தேர்ந்தெடுக்கப் போதுமான காரணம். செட்டை எளிதாகக் கழற்றும் வசதிக்காக, பெட்டியில் போல்ட் இணைப்பும் செட்டின் வாலில் (அதன் பின்னிருந்து வரும் குட்டை ஒயரில்) பவர்போல் செருகியும் என்று பிரித்துக்கொண்டோம்.

ஒயரின் தடிமனும் ஃபியூஸின் அளவும்

ஃபியூஸை முதலில் தேர்ந்தெடுத்துவிட்டு ஒயரைத் தேடுவது வழக்கமான தவறு. நாங்கள் செட்டின் தேவை, அதிலிருந்து ஒயர், ஒயரிலிருந்து ஃபியூஸ் என்ற வரிசையில் போனோம். பேட்டரியிலிருந்து பெட்டி வரை ஒரு வழி 3.2 மீட்டர். 16 சதுர மி.மீ. ஒயருக்கு மீட்டருக்கு 1.2 மில்லி ஓம் அளவில் மின்தடை என்பதால், போய்த் திரும்பும் வழியில் 8 மில்லி ஓமுக்கும் குறைவு. 44 ஆம்பியர் ஓடினாலும் 0.34 வோல்ட்தான் இழப்பு. அதற்கு 60 ஆம்பியர் போல்ட் வகை முதன்மை ஃபியூஸ். வி.எச்.எஃப்., யு.எச்.எஃப். கிளைகளுக்கு 4 சதுர மி.மீ. ஒயரும் 15 ஆம்பியர் ஃபியூஸும்; எச்.எஃப். கிளைக்கு 6 சதுர மி.மீ. ஒயரும் 30 ஆம்பியர் ஃபியூஸும், ஜி.பி.எஸ்.ஸுக்கு 3, சார்ஜருக்கு 5 ஆம்பியர். ஃபியூஸில் எழுதியிருக்கும் எண்ணில் முக்கால் பங்குக்கு மேல் தொடர்ந்து ஓட விடக் கூடாது என்ற நடைமுறைக் கணக்கை எல்லாக் கிளைகளிலும் பின்பற்றினோம். 11 ஆம்பியர் சுமைக்கு 15 ஆம்பியர் ஃபியூஸ் அதற்குச் சரியாகப் பொருந்துகிறது.

முதன்மை ஃபியூஸை 60 ஆக வைத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒரு கிளையில் ஷார்ட் ஆனால் அந்தக் கிளையின் ஃபியூஸ்தான் முதலில் போக வேண்டும். முதன்மை ஃபியூஸ் முந்திக்கொண்டால் எல்லாச் செட்டுகளும் ஒன்றாக ஊமையாகிவிடும். இரண்டுக்கும் இடையில் குறைந்தது ஒன்றுக்கு இரண்டு என்ற இடைவெளி இருக்கட்டும் என்று வைத்தோம். முதன்மை ஃபியூஸின் இடத்தைப் பொறுத்தவரை, படகுகளின் மின்னமைப்புக்கான அமெரிக்கத் தரவிதியில் உள்ள, பேட்டரி இணைப்பிலிருந்து 7 அங்குலத்துக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும் என்ற வரம்பை எங்களுக்கும் எல்லையாக எடுத்துக்கொண்டோம். தரையூர்திக்கு அது கட்டாயமில்லை. ஆயினும் தகட்டுச் சுவரில் கண்ட அந்தப் பள்ளத்துக்குப் பிறகு, காப்பில்லாத ஒயர் ஒரு சாண் நீளம்கூட இருக்க வேண்டாம் என்றே பட்டது. செட்டுடன் வந்த தொழிற்சாலை ஒயரிலுள்ள ஃபியூஸை அப்படியே விட்டுவைத்தோம். மெல்லிய அந்த வாலுக்கு அது காப்பு.

நெகட்டிவ் ஒயரில் ஃபியூஸ் வேண்டுமா

மிக நீண்ட விவாதம் இதில்தான் நடந்தது. பழைய செட்டுகள் பலவும் இரண்டு ஒயர்களிலும் ஃபியூஸுடன் வந்தன. குழுவின் மூத்தவர் ஒருவர் அதை வலியுறுத்தினார். அவர் சொன்ன காரணம் சரியானது. நெகட்டிவ் ஒயரைப் பேட்டரி முனையில் நேரடியாகக் கட்டியிருக்கும்போது, பேட்டரியிலிருந்து பாடிக்குப் போகும் தடித்த எர்த் ஒயர் அறுந்தால், ஸ்டார்ட்டரின் நூற்றுக்கணக்கான ஆம்பியர் வேறு வழியில்லாமல் ஆன்டெனாவின் காக்ஸ் உறை (ஆன்டெனா கேபிளைச் சுற்றியுள்ள உலோக வலை), செட்டின் உடல், அதன் நெகட்டிவ் ஒயர் என்று சுற்றிப் பேட்டரிக்குத் திரும்பும். அந்த ஃபியூஸ் அதைத் தடுக்கும்.

ஆனால் அதே ஃபியூஸ் வேறு காரணத்தால் போய்விட்டால், செட் நிற்காது. காக்ஸ் உறை வழியாகவே எர்த் பெற்றுக்கொண்டு ஓடும். பழுது வெளியே தெரியாமல், மின்னோட்டம் சுமக்கச் செய்யப்படாத ஒயர் அதைச் சுமக்கும். வெளியே தெரியாத பழுதால்தானே அந்த இரவில் சிக்கினோம்.

இந்த ஊர்தியின் பேட்டரி நெகட்டிவ் முனையில் மின்னோட்டத்தை அளக்கும் உணரி ஒன்று இருந்தது. நேராக முனையில் கட்டினால் செட்டுகளின் மின்னோட்டம் உணரியைத் தொடாமல் போய், பேட்டரியின் நிலையை ஊர்தி தவறாகக் கணிக்கும். ஆகவே நெகட்டிவ் ஒயரை, பேட்டரியின் எர்த் ஒயர் பாடியைத் தொடும் போல்ட்டில் கட்டினோம். அங்கே கட்டும்போது செட்டின் நெகட்டிவும் ஊர்தியின் பாடியும் ஒரே புள்ளி ஆகிவிடுகின்றன. மூத்தவர் அஞ்சிய எர்த் ஒயர் அறுந்தால் ஊர்தியே ஸ்டார்ட் ஆகாது, செட் வழியாக எதுவும் பாயாது. படத்தை வரைந்து காட்டியபோது அவரும் ஒப்புக்கொண்டார். நெகட்டிவில் ஃபியூஸ் வைக்கவில்லை.

பொருத்தியபோது

தகட்டுச் சுவரில் புதுத் துளை, கிராமெட், அதன்மேல் வரிப்பள்ளமுள்ள காப்புக்குழாய். லக்குகள் அனைத்தும் லக்கை ஒயரோடு நசுக்கிப் பிடிக்கச் செய்யும் உரிய கிரிம்ப் கருவியால் அழுத்தப்பட்டு, ஒவ்வொன்றும் கையால் பலமாக இழுத்துப் பார்க்கப்பட்டன; முதல் நாளில் அப்படி இழுத்தபோது ஒரு லக் கையோடு வந்துவிட்டது, தவறான அச்சில் அழுத்தியிருந்தோம். சாலிடர் செய்யவில்லை. சாலிடர் முடிந்து மெல்லிழைகள் தொடங்கும் விளிம்பில் ஒயர் விறைத்து, குலுக்கலில் அங்கேயே ஒடியும். பாடி போல்ட்டைச் சுற்றிப் பெயின்ட்டைப் பளபளக்கும்வரை சுரண்டி, இறுக்கிய பின் துருத்தடுப்புப் பூசினோம்.

இக்னிஷன் சாவியோடு இணைந்த ரிலேயை (சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தியதும் மின்வழங்கலையும் துண்டிக்கும் சுவிட்சை) வைக்கவில்லை. எஞ்சினை நிறுத்திவிட்டுப் பேசும் தேவை எங்களுக்கு உண்டு. ஓட்டுநர் கையெட்டும் இடத்தில் கட் ஆஃப் சுவிட்ச் வைத்தோம். பெட்டி மூடியின் உட்புறத்தில் எந்தக் கிளை எதற்கு, எத்தனை ஆம்பியர் என்று எழுதி ஒட்டி, உதிரி ஃபியூஸ்களையும் அங்கேயே வைத்தோம். 20, 25 ஆம்பியர் உதிரி ஃபியூஸ்கள் ஊர்தியில் எங்குமே இல்லாதபடி பொறுக்கி எடுத்துவிட்டோம். இருட்டில், அவசரத்தில், கைக்குக் கிடைத்ததைப் போடும் மனநிலை எனக்குத் தெரியும்.

தொடர்ந்த பதினொரு மாதங்கள்

முதல் அளவில், அதே 11 ஆம்பியரில், பேட்டரி முனையில் 12.2 இருக்கும்போது செட்டில் 11.8 வோல்ட் கிடைத்தது. 1.8 ஆக இருந்த இழப்பு 0.4க்குள் வந்துவிட்டது. எச்.எஃப். கிளையில் 1.1 வோல்டாக இருந்தது பாதியாயிற்று. ஒரு நிமிடம் பேசி ஒரு நிமிடம் நிறுத்தி அரை மணி நேரம் சோதித்தபின் ஃபியூஸ்களைத் தொட்டுப் பார்த்தோம், இளஞ்சூடு மட்டுமே.

நான்காம் மாதத்தில் யு.எச்.எஃப். செட் திடீரென்று நின்றது. இருக்கையை முன்னே தள்ளியபோது அதன் ஒயர் இருக்கை நகரும் தண்டவாளத்தில் நசுங்கியிருந்தது. அந்தக் கிளையின் 15 ஆம்பியர் ஃபியூஸ் போய், பெட்டியில் அதற்கான சிவப்பு எல்.இ.டி. எரிந்தது, மற்றச் செட்டுகள் எதுவும் அறியாமல் இயங்கின. நான்கு நிமிடத்தில் இடத்தைக் கண்டுபிடித்தோம். இதில் ஒரு நுணுக்கம்: நசுங்கிய ஒயரைக் கழற்றியதும் எல்.இ.டி. அணைந்துவிட்டது, புதிதாகச் சேர்ந்த ஒருவர் பழுது நீங்கிவிட்டதாக எண்ணினார். ஃபியூஸுக்கு இணையாக இருக்கும் அந்த விளக்கு, மறுமுனையில் சுமையோ ஷார்ட்டோ இருந்தால்தான் எரியும். விளக்கு எரியவில்லை என்பதால் ஃபியூஸ் நன்றாக இருக்கிறது என்று கொள்ள முடியாது.

ஆறாம் மாதச் சோதனையில், அதே மின்னோட்டத்தில் பெட்டிக்குள் நுழையும் இணைப்பில் முதலில் 30 மில்லி வோல்டாக இருந்த இழப்பு 90 ஆக ஏறியிருந்தது. ஒரு போல்ட்டின் நட்டு கால் சுற்று தளர்ந்திருந்தது. இறுக்கியதும் பழைய எண் திரும்பியது. வாடை வருவதற்கு மாதங்களுக்கு முன்பே அந்த எண் சொல்லிவிட்டது.

நல்லதாக முடியாதவையும் உண்டு. ஒரு வெள்ளிக்கிழமை மாலை கட் ஆஃப் சுவிட்சை அணைக்க மறந்தார்கள். செட்டுகள் கேட்கும் நிலையில் இருக்கும்போதும் ஜி.பி.எஸ். கருவியோடு சேர்த்து 1.8 ஆம்பியர் இழுக்கும். திங்கட்கிழமை காலைக்குள் 100 ஆம்பியர் மணிக்கு மேல். 70 ஆம்பியர் மணி பேட்டரி தாங்கவில்லை, ஊர்தி ஸ்டார்ட் ஆகவில்லை. இது என் தீர்மானத்தின் குறை. மனிதர் மறப்பார் என்பதை நான் கணக்கில் எடுத்திருக்க வேண்டும். இரண்டாவது, யு.எஸ்.பி. சார்ஜர் உள்ளே செய்யும் வேகமான மின்மாற்றத்தின் இரைச்சல், பொதுவான செம்புப் பட்டை வழியாக எச்.எஃப். செட்டின் காதுக்கு வந்தது. சார்ஜரைப் பிடுங்கினால் இரைச்சல் நின்றது. அதை ஊர்தியின் சொந்த சாக்கெட்டுக்கு மாற்றி, ஒயரில் இரைச்சலைத் தடுக்கும் ஃபெரைட் வளையம் மாட்டினோம்.

இனி மாற்றிச் செய்பவை

இரண்டாவது ஊர்திக்கு இதே வேலையை இப்போது தொடங்கியிருக்கிறோம். கட் ஆஃப் சுவிட்சோடு, பேட்டரி 11.8 வோல்டுக்குக் கீழே சில நிமிடம் தொடர்ந்து நின்றால் தானே துண்டிக்கும் கருவியும் வைக்கிறோம். பேசும்போது வரும் நொடிநேர வீழ்ச்சிக்கு அது ஏமாறாதபடி தாமதம் உள்ளதாகப் பார்த்து எடுத்தோம். யு.எஸ்.பி. சார்ஜருக்குப் பெட்டியில் இடமே கொடுக்கவில்லை. பெட்டியை இருக்கைக்குப் பின்னால் தரையில் வைத்தது சேறும் தண்ணீரும் படும் இடமாகிவிட்டதால், இம்முறை பக்கச் சுவரில் ஒரு முழம் உயரத்தில் வைக்கிறோம். கிளை ஒயர்கள் இருக்கைத் தண்டவாளத்தைக் கடக்கும் வழியே இல்லாமல் வரைபடம் போட்டோம்.

முதல் ஊர்தியின் பெட்டி மூடியில், கிளைப் பட்டியலுக்குக் கீழே, பொருத்திய நாளில் ஒவ்வொரு இணைப்பிலும் 11 ஆம்பியரில் அளந்த மில்லி வோல்ட் எண்கள் எழுதப்பட்டுள்ளன. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அருகில் புது எண்ணை எழுதுகிறோம். இரண்டாவது ஊர்தியின் மூடியில் அந்தக் கட்டங்கள் வரையப்பட்டுவிட்டன. முதல் வரிசை எண்கள் அடுத்த வாரம் நிரப்பப்படும்.